ஜோடிக் கம்பி

அத்தியாயம் ஏழு

போனில் முதலில் சுத்தியல் சத்தம் கேட்டது. பிறகு ஓர் அலறல். அதற்கப்புறம்தான் பேச்சு.

"ஒரு விரல் முடிஞ்சதுங்க மேடம்," என்றான் சென்னப்பன். "இடது கை சுண்டு விரல். மிச்சத்த எந்தம்பி பாடி வந்ததும் பாத்துக்கறன். மணிக்கட்டோட எடுத்து, அவன் குழியிலயே போட்டுருவன்."

"அப்துல்லாதான் கொன்னார்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"கம்பி சொல்லுச்சு."

லைன் அறுந்தது.

துப்பறியும் மணிமேகலை போனைப் பையில் போட்டாள். அவள் நின்றிருந்தது கடத்தூரில், ஒரு சைக்கிள் கடைக்கு மேலே உள்ள மாடி அறையில். சத்யராஜின் மெல்லிசைக் குழு பயிற்சி செய்யும் இடம். நேற்று மதியம் சத்யராஜ் இந்த அறையில்தான் கவிழ்ந்து கிடந்தான். கழுத்தைச் சுற்றி ஆழமான சிவப்புக் கோடு. கம்பியால் இறுக்கிய கோடு.

நேற்று இந்த அறைக்குக் கம்பியோடு வந்தவன் ஒருவன்தான். தருமபுரியில் வாத்தியங்களைப் பழுது பார்க்கும் அப்துல்லா. சத்யராஜ் பெங்களூரில் வாங்கி வந்திருந்த பன்னிரண்டு கம்பி எலக்ட்ரிக் கிதாரைச் சரி செய்து, புதுக் கம்பி மாட்டி, காலையில் கொண்டு வந்து கொடுத்துவிட்டுப் போனான். மதியம் சத்யராஜ் பிணமானான். போலீஸ் அப்துல்லாவைத் தேட ஆரம்பித்தது. சத்யராஜின் அண்ணன் சென்னப்பன், போலீசுக்கு முன்னால் கண்டுபிடித்துத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். எங்கே என்று தெரியவில்லை.

அப்துல்லாவின் மனைவி பரிதா மணிமேகலையிடம் அழவில்லை. "அவரு கை வேலைக்காரருங்க. அவருக்குக் கை இருந்தாப் போதும், நாங்க பொழைச்சுக்குவோம்," என்று மட்டும் சொன்னாள்.

"அக்கா, சுத்தியல் சத்தம் எனக்கே கேட்டுச்சு," என்றான் உதவியாளன் சிலம்பரசன். "அந்தாளு போன்ல பேசறப்பவே இப்படி அடிக்கறான். நேர்ல போனா டீ குடுப்பான்னு தோணல."

பயம் வந்தால் சிலம்பரசனுக்கு வாய் நிற்காது.

"பாடி எங்க வந்துட்டு இருக்கு?"

"தருமபுரி பெரியாஸ்பத்திரியில போஸ்ட்மார்ட்டம் முடிஞ்சுது. இப்ப வண்டியில ஏத்தறாங்களாம்."

"அப்ப வண்டி ஊருக்குள்ள வர்றதுக்குள்ள முடிக்கணும். அந்தக் கிதாரை எடு."

சுவரோரம் ஸ்டாண்டில் நின்ற கிதாரைச் சிலம்பரசன் தூக்கினான். கறுப்பு நிறம். நல்ல கனம். "ஒண்ணு, ரெண்டு..." என்று எண்ணிப் பார்த்தான். "பன்னெண்டும் இருக்குதுக்கா. அதான் எல்லாரும் அப்துல்லாவைப் புடிச்சுட்டாங்க. கிதார்ல ஒரு கம்பி காணோம்னா இந்த ரூமுக்கு வந்த எவன் வேணா உருவி இறுக்கியிருக்கலாம். கிதார் முழுசா இருக்குது. அப்ப கம்பி வெளியில இருந்து வந்திருக்கணும். வெளியில இருந்து கம்பி கொண்டு வந்தவன் அப்துல்லா ஒருத்தன்தான்."

"கொலைகாரன் நெனைச்சதையே நீயும் அழகா சொல்ற. வாசி."

"எனக்கு வாசிக்கத் தெரியாதே."

"அதான் வேணும். மேலிருந்து கீழ மெதுவா கட்டை விரலை இழு."

இழுத்தான். முதல் ஜோடி கோயில் மணி போல முழங்கியது. ஒரு தடித்த கம்பியும் அதே சுரத்தை மேலே பாடும் மெல்லிய கம்பியும் சேர்ந்து எழுப்பிய சத்தம். இரண்டாவது ஜோடியைத் தொட்டதும் முழக்கம் காணாமல் போய், கொசு பாடுவது போல ஒரு கீச்சு. கூடவே 'கிர்ர்' என்று ஓர் அதிர்வு. அடுத்த ஜோடியில் மறுபடியும் முழக்கம்.

"அடடா, இந்த ரெண்டுக்கு மட்டும் சளி புடிச்சிருக்குதுக்கா."

மணிமேகலை குனிந்து பார்த்தாள். இன்று காலை தருமபுரியில் அப்துல்லாவின் கடைக்குப் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, கடையில் இருந்த இன்னொரு பன்னிரண்டு கம்பி கிதாரைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள். அதில் இருப்பது ஆறு ஜோடி. கீழே இருக்கிற இரண்டு ஜோடியில் மட்டும் இரண்டு கம்பியும் ஒன்று போல இருக்கும். மேலே இருக்கிற நான்கு ஜோடியிலும் ஒன்று தடிசு, ஒன்று மெலிசு.

இங்கே மேலிருந்து இரண்டாவது ஜோடியில் இரண்டுமே மெலிசு.

கிதாரின் தலைப்பக்கம் கம்பிகள் உட்கார, ஓர் எலும்புத் துண்டில் பள்ளங்கள் அறுக்கப்பட்டிருந்தன. தடித்த கம்பிக்கு அகலப் பள்ளம், மெல்லிய கம்பிக்கு ஊசிப் பள்ளம். அந்த இரண்டாவது ஜோடியில், அகலப் பள்ளத்தில் ஒரு மெல்லிய கம்பி பெரியவன் சட்டையைப் போட்ட குழந்தை மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. 'கிர்ர்' அங்கிருந்துதான் வந்தது.

"இந்தப் பள்ளத்தை அறுத்தது யாரு?"

"அப்துல்லா."

"தடிச்ச கம்பிக்குனு அளந்து பள்ளம் அறுத்தவன், அதுல மெலிசு கம்பியை மாட்டுவானா?"

சிலம்பரசன் அந்தக் கம்பியை விரலால் அசைத்துப் பார்த்தான்.

"சத்யராஜ் கழுத்துல இருந்த கோட்டை நேத்து ஆஸ்பத்திரியில பார்த்தேன். திருகாணி மரை மாதிரி வரி வரியா பதிஞ்சிருந்தது. மெலிசு கம்பி வழவழன்னு இருக்கும், வரி விழாது. மேல கம்பி சுத்தின தடிச்ச கம்பிதான் அப்படிப் பதியும்." அவள் நிமிர்ந்தாள். "இங்க இருந்த தடிச்ச கம்பியை வெட்டி எடுத்து அவனைக் கொன்னிருக்காங்க. அப்புறம் கிதார் முழுசா இருக்கணும்னு அந்த இடத்துல வேற கம்பியை மாட்டியிருக்காங்க."

கிதார்ப் பெட்டியின் உள்ளறையில், போலீஸ் கண்ணில் படாமல், அப்துல்லா கொடுத்துவிட்டுப் போன உபரிக் கம்பிகள் ஒரு பிளாஸ்டிக் கவரில் சுருள் சுருளாக இருந்தன. மணிமேகலை எல்லாவற்றையும் தரையில் பரப்பினாள். அந்த இரண்டாவது ஜோடிக்கான தடித்த கம்பி பத்திரமாக இருந்தது. மெல்லிய கம்பிதான் இல்லை.

"சரியான கம்பி கைக்கு எட்டுற தூரத்துல இருந்திருக்கு. அதை விட்டுட்டு தப்பான கம்பியைத் தேடி எடுத்து மாட்டியிருக்கான்."

"அப்ப கொலைகாரனுக்கு சங்கீதம் தெரியாது. என்னை மாதிரி."

"அந்த ரெண்டு கீச்சுக் கம்பியும் ஒண்ணுக்கொண்ணு எப்படி ஒத்துப் போகுதுன்னு கேட்டியா? ஒரு மயிரிழை வித்தியாசம் இல்ல. அவன் காது ரொம்ப சுத்தம். பழக்கம்தான் வேற."

படியில் காலடிச் சத்தம். மணிமேகலை கம்பிகளைக் கவருக்குள் அள்ளிப் போட்டாள். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான் சந்திரமோகன். இந்தக் குழுவில் கீபோர்டு வாசிப்பவன். சத்யராஜோடு சின்ன வயதிலிருந்து சுற்றியவன். அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

"கிதாரை எடுத்துட்டு வரச் சொன்னாருங்க அண்ணன்," என்றான். "எங்க குழுவுல ஒரு பழக்கம். வாசிக்கறவன் செத்தா அவன் வாத்தியத்த சுருதி சேத்து தலைமாட்டுல வெப்போம். ஒரு கம்பி கூட கொறையக் கூடாது."

"நாங்களும் வர்றோம்," என்றாள் மணிமேகலை. "சென்னப்பன் இருக்கிற இடத்துக்குத்தானே போறீங்க?"

அவன் தயங்கினான். பிறகு தோளைக் குலுக்கினான். "வாங்க. அந்தக் கொலைகாரப் பயலுக்கு என்ன ஆவுதுன்னு நீங்களும் பாக்க வேணாமா?"

கிதாரைப் பெட்டியில் வைத்து மூடி, காரில் கொண்டு வரும்படி மணிமேகலையிடம் நீட்டினான். அவள் வாங்கும்போது அவனுடைய இடது கை விரல்கள் அவள் மணிக்கட்டில் உரசின. விரல் நுனிகள் நான்கும் கல் மாதிரி காய்த்திருந்தன.

அவன் பைக்கில் முன்னால் போக, இவர்கள் காரில் பின்தொடர்ந்தார்கள். வழியில் மணிமேகலை சிலம்பரசனிடம் ஒரு வேலை சொன்னாள்.

"அக்கா, அப்படிச் செஞ்சா என்னை அடிப்பாங்களே?"

"அடிப்பாங்க."

"பரவால்லனு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"பரவால்ல."

ஊருக்கு வெளியே, தகரக் கூரை போட்ட புளி மண்டி. மணிமேகலை காரை விட்டு இறங்குமுன் இருக்கும் இடத்தைப் போலீசுக்கு அனுப்பிவிட்டாள். உள்ளே புளி மூட்டைகள் கூரை வரை ஏறியிருந்தன. புளிப்பு வாடை மூக்கை அறுத்தது. நடுவில், எடை போடும் தராசின் இரும்புத் தூணோடு அப்துல்லாவைக் கட்டியிருந்தார்கள். சட்டை இல்லை. முதுகெல்லாம் பெல்ட் தழும்பு. ஒரு கண் மூடிப் போயிருந்தது. இடது கையை மட்டும் இழுத்து, புளியங்கொட்டை தட்டுகிற கல்லின் மேல் வைத்துக் கட்டியிருந்தார்கள். சுண்டு விரல் இருந்த இடத்தில் ஒரு நீலக் கட்டி. பக்கத்தில் கொட்டை தட்டுகிற சுத்தியல், ரத்தத்தோடு.

சிலம்பரசன் கிதார்ப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டான்.

வெட்டுக்கத்தியை மடியில் வைத்துக்கொண்டு மூட்டை மேல் உட்கார்ந்திருந்த சென்னப்பன் எழுந்தான். ஆறடி ஆள். நேற்றிலிருந்து தூங்காத முகம். கதவுக்கு இரண்டு பக்கமும் ஆட்கள்.

"வேடிக்கை பாக்க வந்தீங்களா? பாருங்க."

சந்திரமோகன் நேராகப் போய் அப்துல்லாவின் விலாவில் ஓங்கி உதைத்தான். "எங்க சத்யராஜக் கொன்னுட்டு ஊமையா நடிக்கறியாடா? சொல்லுடா!" மறுபடியும் உதைத்தான். அப்துல்லாவின் வாயிலிருந்து காற்றும் ரத்தமும் வந்தன.

"நிறுத்துங்க," என்றாள் மணிமேகலை. "சென்னப்பண்ணே, உங்க தம்பி கிதாரை முதல்ல சரியா இருக்குதான்னு பாத்துக்குங்க. சிலம்பு, எடுத்துக் காட்டு."

சிலம்பரசன் பெட்டியைத் திறந்தான். கிதாரைத் தூக்கினான். தூக்கும்போது முதுகைத் திருப்பினான். 'டங்' என்று ஒரு சத்தம். மேலிருந்து மூன்றாவது ஜோடியில் தடித்த கம்பி வெட்டுப்பட்டு, பாம்பு போலச் சுருண்டு தொங்கியது.

"ஐயோ, கை பட்டுருச்சுங்க..."

சென்னப்பனின் புறங்கை அவன் வாயில் விழுந்தது. சிலம்பரசன் இரண்டு மூட்டைகளைத் தாண்டிப் போய் விழுந்தான். உள்ளங்கையில் மறைத்து வைத்திருந்த கட்டிங் பிளேயர் மூட்டை இடுக்கில் காணாமல் போனது.

"எந்தம்பி கிதார்டா அது! பாடி வர்ற நேரத்துல கம்பிய அறுத்துட்டியேடா!"

"அண்ணே, வுடுங்க," என்று சந்திரமோகன் ஓடி வந்தான். "நான் மாட்டித் தர்றன். வண்டி வர்றதுக்குள்ள மாட்டிரலாம்."

மணிமேகலை உபரிக் கம்பிக் கவரை அவன் முன்னால் கொட்டினாள்.

தரையில் மண்டியிட்டு, கிதாரைத் தொடையில் சாய்த்து, அவன் வேலையைத் தொடங்கினான். அறுந்த கம்பியை உருவி ஓரமாகப் போட்டான். அதன் ஜோடிக் கம்பியை விரலால் தடவித் தடிமன் பார்த்தான். குவியலில் கைவிட்டான். ஒரு தடித்த கம்பி விரலில் பட்டது. ஒதுக்கினான். இன்னொன்றை எடுத்தான். மெலிசு. ஜோடியோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தான். தலையாட்டிக்கொண்டான். மாட்டினான், முறுக்கினான், காதைச் சாய்த்துச் சுருதி சேர்த்தான். இரண்டும் ஒரே குரலில் கீச்சிட்டன.

"அது இல்லீங்க..."

தூணிலிருந்து வந்தது குரல். அப்துல்லா ஒரு கண்ணால் கிதாரையே பார்த்துக்கொண்டிருந்தான். "அந்த எடத்துக்குத் தடிசுங்க... பள்ளத்துல ஆடுது பாருங்க..."

"வாய மூடுடா!" சந்திரமோகன் பாய்ந்து அவன் முகத்தில் மிதித்தான்.

"சாவற நேரத்துல இவனுக்கு என்னடா கம்பி கவலை?" என்றான் சென்னப்பன். ஆனால் குரலில் முன்பிருந்த வேகம் இல்லை.

"ஏன்னா அது அவர் வேலை," என்றாள் மணிமேகலை. "நேத்து உங்க தம்பி செத்தப்ப இந்தக் கிதார்ல இதே தப்பு ஒண்ணு நடந்திருக்கு. பக்கத்து ஜோடியைப் பாருங்க. அங்கயும் தடிசு இருக்க வேண்டிய இடத்துல மெலிசு. அங்க இருந்த தடிச்ச கம்பிதான் சத்யராஜ் கழுத்துல ஏறினது. கொன்னவன் கிதாரை முழுசாக்கிட்டா பழி அப்துல்லா மேல போகும்னு இன்னொரு கம்பி மாட்டினான். தப்பா மாட்டினான். இப்ப உங்க கண்ணு முன்னாடி அதே தப்பை இன்னொரு தடவை செஞ்சான்."

மண்டியில் எல்லோரும் சந்திரமோகனைப் பார்த்தார்கள்.

"என்னங்க இது? எனக்கு கிதார் தெரியாது," என்று அவன் சிரித்தான். "நான் கீபோர்டுக்காரன். தெரியாம மாட்டினேன்."

"தெரியாதவன் எதையாவது எடுத்து மாட்டுவான். நீ தடவிப் பாத்து, ஒதுக்கி, பொறுக்கி எடுத்து மாட்டின. கீபோர்டு வாசிக்கறவனுக்கு இடது கை விரல் நுனி மட்டும் எதுக்குக் காய்க்கணும்? சென்னப்பண்ணே, கீபோர்டுக்கு முன்னாடி இவன் என்ன வாசிச்சான்?"

சென்னப்பன் சந்திரமோகனின் இடது கையைப் பார்த்தான்.

"மாண்டலின்," என்றான். "பத்து வயசுல இருந்து. பஜனை மடத்துல. இப்பவும் வூட்டுல வாசிப்பான்..."

"மாண்டலின்ல நாலு ஜோடி. ஒவ்வொரு ஜோடியும் ஒரே தடிமன், ஒரே சுருதி. ஜோடின்னாலே ஒரே மாதிரி ரெண்டு கம்பிதான்னு அந்தக் கைக்குப் பழகிப் போச்சு. மூளை பதறும்போது கை தனக்குத் தெரிஞ்சதைச் செய்யும். கிதார்க்காரன் எவனும் இப்படி மாட்ட மாட்டான். வாத்தியமே தெரியாதவன் இவ்வளவு சுத்தமா சுருதி சேர்க்க மாட்டான்."

அவள் முடிக்கவில்லை. ஓரமாகக் கிடந்த அந்த அறுந்த கம்பி காற்றில் விசிறி அவள் கழுத்தைச் சுற்றியது.

சந்திரமோகன் பின்னாலிருந்து முழங்காலை அவள் முதுகில் ஊன்றி இறுக்கினான். "கிட்ட வந்தா இவளும் போயிருவா!" என்று கத்தினான். "அண்ணே, உந்தம்பி என்னை என்ன பண்ணான் தெரியுமா? இண்டூர் மேடையில, அத்தன ஜனத்துக்கு முன்னால, மைக்குல சொன்னான். 'இந்தப் பன்னெண்டு கம்பி வந்தா இவன் கீபோர்டுப் பொட்டிய ஆத்துல போட்டுரலாம்'னு சொன்னான். ஜனம் சிரிச்சுது. மாண்டலினாச்சும் வாசிக்கறன்டான்னு ரூமுக்கு வந்து காலப் புடிச்சேன். காலாலயே தள்ளினான்!"

மணிமேகலை சரியான நேரத்தில் இரண்டு விரல்களைக் கம்பிக்கு அடியில் கொடுத்திருந்தாள். கம்பி விரலின் தோலைக் கிழித்து எலும்பைத் தொட்டது. கண் முன்னால் கறுப்புப் புள்ளிகள் மிதந்தன. குதிகாலால் அவன் பாதத்தை மிதித்தாள். பிடி விடவில்லை.

மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து சிலம்பரசன் எழுந்தான். உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். தரையில் கிடந்த கிதாரைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கி, கோடாலி போலச் சுழற்றி இறக்கினான். கனத்த மரக்கட்டை சந்திரமோகனின் தோளில் விழுந்த சத்தத்தில் எலும்பு முறிந்த சத்தமும் கலந்திருந்தது. அவன் அலறிக்கொண்டு சரிந்தான்.

"வாசிக்கத் தெரியாதுனு சொன்னேன்," என்று சிலம்பரசன் மூச்சு வாங்கினான். "அடிக்கத் தெரியாதுனு சொல்லல."

அதற்குள் வெட்டுக்கத்தி உயர்ந்துவிட்டது. சென்னப்பன் சந்திரமோகனின் கை மேல் காலை ஊன்றியிருந்தான்.

"எந்தம்பி தட்டுல சோறு தின்ன கையி..."

"வெட்டுங்க," என்றாள் மணிமேகலை. தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. "கொஞ்ச நேரம் முன்ன ஒரு விரலை உறுதியாத் தெரிஞ்சுதான உடைச்சீங்க? இதையும் வெட்டுங்க."

கத்தி நின்றது. சென்னப்பன் திரும்பித் தூணைப் பார்த்தான். கல்லின் மேல் கட்டப்பட்டிருந்த கையைப் பார்த்தான். நீலக் கட்டியாகிப் போன அந்த விரலை இப்போதுதான் முதல் தடவை பார்ப்பவன் போல ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு போய், அதே கத்தியால் கயிற்றை அறுத்தான். அப்துல்லா அவன் மார்பிலேயே சாய்ந்து விழுந்தான்.

வெளியே ஹாரன். சத்யராஜின் உடலைக் கொண்டு வந்த வண்டி மண்டி வாசலில் நின்றது. அதன் பின்னாலேயே போலீஸ் ஜீப். சந்திரமோகனைத் தூக்கி நிறுத்தி விலங்கு மாட்டினார்கள். கொலை செய்த கம்பியைக் கீபோர்டு ஸ்டாண்டின் குழாய்க்குள் திணித்து வைத்திருப்பதாக, வலி தாங்காமல் அங்கேயே உளறினான்.

"உங்க மேலயும் கேஸ் இருக்கு, சென்னப்பன்," என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"போடுங்க சார். ஆனா ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் இவன் தாங்க மாட்டான்." சென்னப்பன் அப்துல்லாவை இரண்டு கையாலும் தூக்கியிருந்தான். தன் ஆட்களைப் பார்த்துக் கத்தினான். "தம்பிய எறக்குங்கடா! கோணிய விரிச்சு இங்கயே கெடத்துங்க. வண்டி தருமபுரிக்குத் திரும்பட்டும்."

சத்யராஜைப் புளி மூட்டைகளுக்கு நடுவே இறக்கினார்கள். அவன் படுத்திருந்த இடத்தில் அப்துல்லாவைப் படுக்க வைத்தார்கள்.

"அமரர் ஊர்தினு எழுதியிருக்குதுக்கா," என்று சிலம்பரசன் கிசுகிசுத்தான். "உயிரோட ஏத்தறாங்க."

"ஏறு."

சென்னப்பன் தம்பி பக்கம் திரும்பாமல் வண்டிக்குள் ஏறினான். சப்-இன்ஸ்பெக்டரும் ஏறிக்கொண்டார். ரோடு மோசம். ஒவ்வொரு குழியிலும் வண்டி தூக்கிப் போட்டது. அப்துல்லாவின் இடது கை ஆடாதபடி சென்னப்பன் அதைத் தன் தொடை மேல் வைத்து, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே பிடித்துக்கொண்டான்.

மணிமேகலையின் போன் அடித்தது. பரிதா.

மணிமேகலை பேச முயன்றாள். குரல் வரவில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டு சென்னப்பனிடம் நீட்டினாள்.

"மேடம்? மேடம், அவரு கை இருக்குதுங்களா?"

சென்னப்பன் போனை வாங்கவில்லை. வாங்க அவனுக்குக் கை இல்லை. குனிந்து, அவள் நீட்டிய போனுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டு போனான்.

"இருக்குதும்மா," என்றான். "எங்கிட்டதான் இருக்குது."

"நீங்க யாருங்க பேசறது?"

வண்டி இன்னொரு குழியில் இறங்கி ஏறியது.

"ஒடைச்சவன்," என்றான்.